வாழைக்குலை ஏற்றுகிறவன் ஐந்து ஊர் போன விதம்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கருங்கல் என்கிற எங்கள் ஊர்ச் சந்தையில் பதினோரு வயதில் தலைச்சுமையாக வாழைக்குலை இறக்கினேன். இன்று அதே சந்தையில் என் கொட்டகையிலிருந்துதான் நெய்யாற்றின்கரைக்கும் பாலராமபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் லாரி போகிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட என்னை ஒருவர் கல்யாணப் பந்தியில் வைத்துக் கேவலப்படுத்தினார். என் மனைவியின் அண்ணன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அத்தான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அந்த வருஷம் அவர் ஒரு டூர் கம்பெனியோடு ரோம், சூரிச், பாரிஸ் மூன்றையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். நாகர்கோவிலில் அந்தப் பந்தியில் உட்கார்ந்து பருப்பு விட்டதிலிருந்து பாயசம் வரைக்கும் அவர் கதைதான். எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"அத்தான், ரோமிலேருந்து அடுத்த ஊருக்கு எதில போனிய?" என்று கேட்டேன்.

அவர் பப்படத்தைப் பாயசத்தில் நொறுக்கிக்கொண்டே சொன்னார். "ஓய் மாப்ள, உமக்கு எதுக்கு அதெல்லாம்? வெளிநாடு போறதுன்னா வாழைக்குலை ஏத்துறது இல்ல, கேட்டீரா. போர்டு வாசிக்கணும். நாலு வார்த்த பேசணும்."

பந்தி முழுக்கச் சிரித்தது. அதோடு விட்டாரா? "ஒருவேள போனேருன்னு வையும், வழி தெரியாம நிக்கும்போ எனக்கு ஒரு போன் போடும். இஞ்ச இருந்தே சொல்லித் தாறேன்."

எதிர்வரிசையில் என் மனைவி இருந்தாள். அவள் பாயசத்தைத் தொடாமல் இலையை மடக்கியதை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "எனக்கு அந்த ஊரெல்லாம் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. விட்டுருங்க."

"உனக்கு இல்லட்டி. எனக்குப் பாக்கணும்."

தக்கலை வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அவர் போன மூன்று ஊரும் போக வேண்டும், மேலே இரண்டு ஊர் கூடப் போக வேண்டும். டூர் கம்பெனி கூடாது. என்ன வந்தாலும் அந்தப் போனை மட்டும் போடக்கூடாது. நடுத்தெருவில் நின்றாலும் சரி, அவர் நம்பரைத் தொட்டால் நான் தோற்றேன்.

இனி பயணத்தை எப்படித் திட்டமிட வேண்டும் என்று சொல்கிறேன். என் அத்தான் சொன்னது அப்பட்டமான தப்பு. வெளிநாடு போவது வாழைக்குலை ஏற்றுவதேதான்.

ஒரு லாரியில் மூன்று ஊருக்குக் குலை போகிறதென்றால், கடைசி ஊருக்கு உள்ளது முதலில் ஏறும். முதலில் இறக்க வேண்டியது கதவுப் பக்கம் இருக்கும். பெட்டியும் அப்படித்தான் அடுக்க வேண்டும். எங்கள் கடைசி ஊர் பெர்லின், அங்கே குளிர். கம்பளிச் சட்டை எல்லாம் அடியில். ரோமில் வெயில், பருத்திச் சட்டை மேலே. ஒவ்வொரு ஊரிலும் பெட்டியைக் குடைந்து கட்டிலில் கொட்டுகிறவன் அடுக்கத் தெரியாதவன்.

லாரி வந்த வழியே திரும்பாது. மார்த்தாண்டத்தில் டிக்கெட் எடுத்துத் தந்த பெண், ரோமில் இறங்கி ரோமிலிருந்தே திரும்பினால் எளுப்பம் என்றாள். நான் கேட்டேன்: "மக்ளே, பாலராமபுரத்தில குலை இறக்கின வண்டி, திருவனந்தபுரம் போறதுக்கு மறுபடி கருங்கலுக்கு வருமா?" அவள் சிரித்துவிட்டு ரோமில் இறங்கி பெர்லினில் ஏறுகிற மாதிரி மாற்றித் தந்தாள். ரோம், சூரிச், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின். நேர் வழி இல்லாவிட்டாலும் பின்னால் போகாத வழி.

இந்தப் பயணத்தில் பழம் என்பது நம் முழங்கால் மூட்டு. வைக்க வைக்கக் கனிந்துபோகும். அதனால் நடை அதிகமுள்ள ரோமை முதலில் வைத்தேன். எந்த ஊரிலும் மூன்று ராத்திரிக்குக் குறையக் கூடாது. ஊர் மாறுகிற நாளில் வேறு வேலை வைக்கக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே போய் இறங்க வேண்டும், இருட்டில் இறக்கிய குலையில் அடிபட்டது எது என்று தெரியாது. அறை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜன்னலில் மலை தெரிகிறதா என்று பார்க்காதே, பெட்டியை இழுத்துக்கொண்டு எத்தனை தெரு நடக்கணும் என்று பார்.

பெட்டி ஆளுக்கு ஒன்று, தானே தூக்குகிற கனத்தில். இதைச் சோதிக்க நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி இரண்டையும் நிறைத்து எடுத்துக்கொண்டு முட்டம் போனோம். கடற்கரையிலிருந்து விளக்குமாடம் என்கிற கலங்கரை விளக்கத்தின் பக்கம் ஏறுகிற ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு நடந்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா, "கப்பல் ஏதும் வருதா?" என்று கேட்டாள். பாதி ஏற்றத்தில் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். அங்கேயே பெட்டியைத் திறந்து நாலு பட்டுப்புடவையை வெளியே எடுத்தோம். பாரிஸ் படிக்கட்டில் உட்காருவதைவிட முட்டத்தில் உட்காருவது நல்லது.

போர்டு வாசிக்கத் தெரியாது என்றாரே, அதற்கும் வழி உண்டு. சந்தையில் ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு குறி. குலைக்காம்பில் கத்தியால் கீறிவிடுவோம். இருநூறு குலை கலந்து கிடந்தாலும் என் குலையை நான் பொறுக்குவேன். அதுபோல ஒரு நோட்டில் ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த ஊர்ப் பெயர் அவர்கள் பலகையில் எப்படி இருக்குமோ அப்படியே பெரிதாக வரைந்துகொண்டேன். அறை முகவரியும் ரயில் நிலையத்தின் பெயரும் அப்படியே. வாசிக்க வேண்டாம், ஒத்துப் பார்த்தால் போதும். பாஸ்போர்ட் நகல் மூன்று எடுத்து என்னிடம் ஒன்று, அவளிடம் ஒன்று, பெட்டிக்குள் ஒன்று. மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்தேன்.

ரோமும் சூரிச்சும் பாரிஸும் தடுமாறாமல் கழிந்தன. அத்தான் இந்த இடத்தில்தான் நின்று போட்டோ எடுத்திருப்பார் என்று தோன்றிய இடத்திலெல்லாம் நானும் நின்றேன். அவர் டூர் கம்பெனிக் கொடி பிடித்தவன் பின்னால் வந்து நின்றார். நான் நானாக வந்து நின்றேன்.

தப்பு என் பக்கத்தில் ஒன்று உண்டு, அதையும் சொல்கிறேன். எங்களுக்குச் சூலம் பார்க்காமல் பயணம் கிடையாது. இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் போகக் கூடாது என்று இருக்கிறது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். இந்த ஊரெல்லாம் நமக்கு மேற்கேதானே என்று அந்த இரண்டு நாளையும் தவிர்த்து எல்லா டிக்கெட்டும் எடுத்திருந்தேன். நம்ம ஊரில் இருந்து பார்த்தால்தான் அது மேற்கு என்பது என் புத்திக்கு ஏறவில்லை.

பாரிஸ் ரயில் நிலையத்தில், ஆம்ஸ்டர்டாம் வண்டிக்குக் காத்து நின்ற காலையில், என் மனைவி தண்டவாளம் போகிற பக்கத்தைப் பார்த்தாள். வெயில் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தாள்.

"சூரியன் வலப்பக்கம் இருக்கு. அப்போ வண்டி வடக்கேயில்லா போவுது?"

"ஆமா."

"இன்னைக்கு செவ்வாய். வடக்கே சூலம். நான் ஏற மாட்டேன்."

பலகையைப் பார்த்தால் எங்கள் வண்டிக்கு நேரே நடைமேடை எண் இல்லை. மற்ற வண்டிக்கெல்லாம் இருக்கிறது, எங்களுக்கு மட்டும் காலி. வண்டியே இல்லையோ என்று டிக்கெட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பால். அதைக் குடித்தால் ஏறுவாள். ஓடிப்போய் மாட்டுப் படம் போட்ட பாட்டில் ஒன்று வாங்கி வந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "புளிக்கு. இது மோரு. தயிரும் மோரும் கிழக்குக்கு."

பிறகு அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேப்போமா? வண்டி ஏன் காட்டலன்னும் கேக்கலாம்."

"நீ அந்தப் போனப் போட்டா நான் இங்கேயே நின்னுருவேன். நீ தனியா போ."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை உள்ளே வைத்தாள். நான் காப்பிக் கடையில் போய் நின்று, ஆவியில் பால் காய்ச்சுகிற பாத்திரத்தைக் காட்டினேன். அந்தப் பெண் காப்பியை எடுத்தாள். வேண்டாம் என்று கையால் மறைத்தேன். மூன்று தரம் மறைத்தேன். கடைசியில் வெறும் பாலை இரண்டு தாள் கப்பில் தந்தாள். நிலையத்தின் நடுவில் நின்று இருவரும் குடித்தோம். குடித்து முடிக்கவும் பலகையில் எண் விழவும் சரியாக இருந்தது. வண்டி கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. அந்த ஊரில் எண் கடைசி நேரத்தில்தான் விழும், அதுவரை பலகைக்குக் கீழேயே நிற்க வேண்டும். இதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பெர்லினும் முடித்துத் திரும்பினோம். மறுநாளே இனிப்போடு அத்தான் வீட்டுக்குப் போனேன். "போன் ஒண்ணும் வரலையேன்னு நினைச்சியளா அத்தான்?" என்று கேட்டேன். அவர் பேப்பரை மடிக்காமலே, "எவனாச்சும் கூட வந்து வழி காட்டியிருப்பான்" என்றார். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் தானும் மைனியும், அதாவது அவர் மனைவியும், டூர் கம்பெனி இல்லாமல் ஆறு ஊர் போகப் போவதாகச் சொன்னார். திட்டம் போட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது நாளில் ஆறு ஊர், நாலு பெட்டி என்று பிற்பாடு தெரிந்தது. தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தடுக்கவில்லை.

அவர் போன அஞ்சாம் நாள் உச்சிப்பொழுது. கொட்டகையில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. அத்தான் நம்பர். நான் அதை ஸ்பீக்கரில் போட்டு, எடைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மாப்ள, நான் பாரிஸ் ஸ்டேஷன்ல நிக்கேன். ஆம்ஸ்டர்டாம் வண்டிக்குப் பிளாட்பாரம் காட்டல்ல. இன்னும் அரை மணிக்கூறு கூட இல்ல. கேட்டா ஒருத்தனும் ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்கான்."

"போர்டு வாசிச்சுப் பாரும் அத்தான்."

"வாசிச்சாச்சு மாப்ள. அதில இல்ல."

"சொல்லித் தாறேன். மொதல்ல நீரு ஒண்ணு சொல்லும். வெளிநாடு போறது வாழைக்குலை ஏத்துற மாதிரிதான்னு சொல்லும்."

அங்கே ஏதோ மணி அடிப்பதும் மைனி பின்னாலிருந்து "என்ன சொல்லுகாரு, என்ன சொல்லுகாரு" என்பதும் கேட்டது. குலை ஏற்றுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவன், "முதலாளி, சொல்லிக் குடும். வண்டி போயிரும்" என்றான். நான் கையைக் காட்டி அடக்கினேன்.

"வாழைக்குலை ஏத்துற மாதிரிதான்" என்றார் அத்தான்.

"முழுசா சொல்லும்."

முழுசாகச் சொன்னார். பலகைக்குக் கீழேயே நிற்கும்படியும் இருபது நிமிடம் இருக்கும்போது எண் விழும் என்றும் சொன்னேன். நிலையத்தின் பெயர் என் நோட்டில் உள்ளதுதானா என்று எழுத்தெழுத்தாகக் கேட்டு உறுதி செய்தேன். வண்டியைப் பிடித்துவிட்டார். பிடிக்காமல் விட்டிருந்தால் அது என் பழி, அதை நான் விரும்பவில்லை.

என் மனைவிக்கு மைனி சொல்லித் தெரிந்தது. போனை வைத்ததும் அண்ணன் பெட்டி மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாராம். மூன்றாம் நாள் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே நின்றாள்.

"எங்க அண்ணன ஆளு முன்னால வச்சு அப்படிச் சொல்ல வச்சிட்டிய. தீந்துதா?"

யோசித்துப் பார்த்தேன். பந்தியில் சிரித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கும். என் கொட்டகையில் கேட்டவர்கள் ஆறு பேர்தான்.

"தீரல்ல" என்றேன்.

அவள் மோர்ச்சட்டியை என் பக்கத்தில் வைக்காமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கணக்கில் பாக்கியுள்ள ஆட்களும் கேட்கட்டும் என்றுதான் இதை எழுதியிருக்கிறேன்.