பிணமாக நடிக்க ஆள் தேவை

முழுப் படத்துக்குக் கதை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வா என்றால்தான் எல்லோரும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். திருப்பதியில் ஒரு கல்லூரியில் மீடியா படித்த கடைசி வருடம் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அதுதான். பேய்ப்படமா, காமெடியா, திரில்லரா என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் யாரும் சொல்லாமலே பார்க்கிறவருக்கு அது இன்ன வகைப் படம் என்று புரிந்துவிட வேண்டும். குரூப் ப்ராஜெக்ட் என்ற பெயரில் அவதிப்பட்ட அன்பர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. எங்கள் குரூப்பில் மூன்று பேர். கேமரா பிடிக்கிற லோகேஷ் சித்தூர்க்காரன், வீட்டில் தெலுங்கு. ரேவதி சத்தியவேட்டுப் பெண். நான் நகரி, தறிக்காரர் வீடு.

எவரி கோசம்?

லோகேஷுக்குப் பேய் வேண்டும். ரேவதிக்குச் சிரிப்பு வேண்டும். பேயும் சிரிப்பும் சேர்ந்தே ஏகப்பட்ட படங்கள் வந்துவிட்டன என்று நான் சொன்னதில் இரண்டு பேருக்கும் கோபம். கேன்டீனில் தோசை ஆறிப்போகும்வரை பேசி, யாருக்கும் பிடிக்காத ஒன்றை எடுத்தால் சண்டை வராது என்று திரில்லரில் வந்து நின்றோம்.

கதையும் உடனே தயாரானது. ஒரு வீடு. தரையில் ஒரு பிணம். கதவு தானாகத் திறக்கிறது. லோகேஷ் அதை எங்களுக்கு வகுப்பு எடுக்கிற மேடத்திடம் கையை ஆட்டி ஆட்டி விவரித்தான். மேடம் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பயமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் செத்தவன் யாரென்றே தெரியாதபோது யாருக்காகப் பயப்படுவது என்பது அவர் சந்தேகம். அவர் தெலுங்கில் கேட்டது இவ்வளவுதான்: "பயம் பாகுந்தி. எவரி கோசம் பயப்படாலி?"

அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் பிணத்தைத் தேடப் போனோம்.

ஒரு டயலாக்

உயிரோடிருக்கிற ஒருவரைப் பிணமாகப் படுக்கச் சொல்வது எவ்வளவு சிரமம் என்பது கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். லோகேஷின் மாமா, பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இதெல்லாம் வேண்டாம் என்றார். ரேவதி வீட்டுப் பக்கத்தில் இருந்தவர், கேட்டதற்கே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார் என்று கேள்வி.

ரேவதிதான் புத்தூரைச் சொன்னாள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட எங்கிருந்தோ எல்லாம் வருகிற ஊர் அது. கட்டோடு சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படியும் பொழுது போகாது, படுப்பதும் கஷ்டமில்லை என்பது அவள் கணக்கு. ஸ்டேஷன் அருகே காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் உண்மையிலேயே சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். பாலசமுத்திரத்தில் விவசாயம் என்றார். வீட்டில் பேசிக்கொள்வதாகவும், சட்டையில் ரத்தம் ஊற்றினாலும் பரவாயில்லை என்றும் சொன்னார். கிளம்பும்போதுதான் கூப்பிட்டு நிறுத்தினார்.

"சாவறதுக்கு நான் ரெடிம்மா. சாவறதுக்கு முன்னாடி ஒரு டயலாக் மட்டும் குடுத்துடுங்க."

போன வருசம்

இந்தக் கதையைச் சிரிப்பாக வீட்டில் சொல்லப்போக, துன்னுகினு இருந்த அப்பா, எங்கள் வீட்டில் நைனா, நிமிர்ந்து பார்த்தார். இதுக்கு ஏன் ஊர் ஊராக அலைகிறீர்கள், நானே படுக்கிறேன் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சாதாரணமான விஷயம் இல்லை. அதற்கு முந்தைய வருடம்தான் அவருக்குத் திருப்பதியில் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்த அந்தப் பெஞ்சைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அம்மா கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பாதிச் சோற்றோடு நைனா என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"படுக்கறதுக்கு வேற வேசமே கெடைக்கலயா இந்த மனுசனுக்கு? போன வருசம் படுத்தது போதாதா?"

லோகேஷின் ரத்தம்

மறுநாள் எனக்குக் காலேஜ் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நைனா கூடத்தில் பாயில் படுத்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த நேரத்தில் தறி ஓட்டுவது அம்மாதான். நான் சுவரோரம் போனை வைத்துக்கொண்டிருந்தேன். தறி நின்றது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நைனா பக்கத்தில் குனிந்தாள். அவர் மூக்குக்குக் கீழே கையைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு எதுவும் நடக்காத மாதிரி எழுந்து போனாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

நான் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை. அவள் நடந்து போன விதத்தைப் பார்த்தால், தினமும் இது நடக்கிறது என்று தெரிந்தது. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

கல்லூரியில் மற்ற இருவரிடமும் சொன்னேன். பிணம் வேண்டாம், கதவு வேண்டாம், ஒரு பெண் தூங்குகிற புருஷனிடம் மூச்சு பார்க்கிறாள், அதோடு பெயர் போட்டுவிடலாம் என்றேன். ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். லோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் உருகிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"சரி, நான் ரோஸ் மில்க் எசென்ஸ்ல கலந்து வெச்ச ரத்தத்த இன்னா பண்றது?"

புறங்கை

அம்மாவுக்குத் தெரியாமல் இதை எடுப்பது திருட்டு மாதிரி இருந்தது. அடுப்படியில் அவள் வெங்காயம் நறுக்கும்போது, பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. வெட்கமா, கோபமா, எனக்குப் பிடிபடவில்லை. அதையெல்லாம் ஊருக்குக் காட்டுவார்களா என்று மட்டும் கேட்டாள். நீ வேண்டாம், ரேவதி நடிப்பாள், உனக்கு இஷ்டமில்லையென்றால் அதுவும் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேவதி வந்தாள். நான் பாயில் படுத்துக்கொள்ள, அவள் ஒத்திகை பார்த்தாள். அம்மா வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வந்து ரேவதியின் கையைப் பிடித்துத் திருப்பினாள். அவள் சொன்னதைக் கேட்டதும் நானும் ரேவதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் நடிக்க வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது, அம்மாவும் மறுக்கவில்லை.

"உள்ளங்கை இல்லடி, புறங்கை. உள்ளங்கை நூல்ல காய்ச்சுப் போயிருக்கும், மூச்சு தெரியாது."

தெருவே வேண்டிக்கொண்டது

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். காலையிலிருந்து அந்தச் சத்தம் ஓயாது. உள்ளே இருக்கிற எங்களுக்குக் காதில் விழாது, லோகேஷின் மைக்குக்கு அதைத் தவிர வேறெதுவும் விழவில்லை. மூச்சு கேட்கிற அமைதி வேண்டும் என்று அவன் ஒரே பிடியாக நின்றான். கரண்ட் போனால்தான் அது நடக்கும். படம் பிடிக்கிற அன்றைக்கென்று பார்த்து கரண்ட் போகவே இல்லை. ஜன்னல் வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருந்தது. நைனா இரண்டு தடவை நிஜமாகவே தூங்கி எழுந்துவிட்டார்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தறியை நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். ஒருத்தர் நிறுத்தினால் இன்னொருவர் தறி ஓடிக்கொண்டிருக்கும், எல்லோருடைய வேலையையும் கெடுக்க வேண்டாம் என்று நைனா மறுத்துவிட்டார். கடைசியில் எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"கரண்டு போச்சுன்னா திட்டுவோம். இன்னிக்கு போவலியேன்னு தெருவே சாமி கும்பிட்டுகினு இருக்குது."

கட் சொன்ன பிறகு

போனது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் தறிகள் அடங்கின. லோகேஷ் கையைக் காட்டினான். அம்மா வந்தாள், குனிந்தாள், புறங்கையை வைத்தாள். கேமராவை அவள் மறந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. லோகேஷ் கட் சொன்ன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

நைனா கண்ணைத் திறக்காமலே பேசினார். தினமும் அவர் தூங்கிவிட்டார் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் முந்தானையால் அவர் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கட் சொன்னானே தவிர லோகேஷ் கேமராவை நிறுத்தவில்லை. அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, படத்தில் சேர்க்கவில்லை. நைனா சொன்னது இது:

"நான் முழிச்சிகினுதான் இருப்பேன். நீ வந்து பாத்துட்டுப் போனப்புறம்தான் தூக்கம் வரும்."

கடைசி வரிசை

கல்லூரியில் எல்லாக் குரூப் படங்களையும் ஒரே அறையில் போட்டார்கள். வீட்டாரும் வரலாம் என்றதால் அம்மாவும் நைனாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் படம் ஓடியது. திரையில் அம்மாவின் கை மூக்குக்குக் கீழே நின்றது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரை கறுத்தது. பெயர் வந்தது. அவ்வளவுதான்.

லைட் போடுவதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு பையன் பொறுக்க முடியாமல் தெலுங்கில் கேட்டுவிட்டான், ஆள் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று. மேடம் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கேள்வியை அந்தரத்தில் விடுவதற்காகத்தான் நாங்கள் இத்தனை பாடுபட்டோம். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அம்மா சட்டையைப் பிடித்து இழுப்பதையும் பொருட்படுத்தாமல் நைனா எழுந்து நின்றிருந்தார்.

"உன்னானு பாபு, இக்கடே உன்னானு." இருக்கிறேன் தம்பி, இங்கேயேதான் இருக்கிறேன் என்று.

ஆகவே, திரில்லர் எடுக்கப் புறப்பட்டிருக்கும் சக அவஸ்தைக்காரர்களே, கதை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே படுத்திருந்தாலும் இருக்கும், ஆனால் படம் போடுகிற அன்றைக்கு மட்டும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.