சேனை தொட்ட விரல்

என் மகனுக்குக் காய்ச்சல் வரவில்லை. உடம்பு சில்லிட்டது. பால் குடிப்பதை நிறுத்தினான். அழுவதையும் நிறுத்தினான். பம்பாய் தாராவியில் எங்கள் குடிசை வரிசையில் எல்லோரும், "நல்ல பிள்ளை, சத்தமே இல்லை" என்றார்கள். பச்சைக் குழந்தைக்கு நோய் இப்படியும் வரும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதையாவது நினைவில் வையுங்கள்.

அறுபதுகளின் நடுவில், மழைக்காலத்தில், வீட்டிலேயே பிறந்தான். சீம்பாலை (முதலில் சுரக்கும் மஞ்சள் பால்) மாமியார் பீச்சிக் கொட்டச் சொன்னார். கெட்ட பாலாம். அதற்குப் பதில் சேனை. பெரிய மனிதர் ஒருவர் சீனித் தண்ணீரை விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்க வேண்டும். தொட்டவர் குணம் பிள்ளைக்கு வருமாம்.

"அவன் அப்பாவே தொடட்டும்" என்றேன்.

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். "ஒம் மாப்பிள்ளை தொட்டா, பிள்ளையும் தெனம் லோக்கல் ரயிலத் தவறவிட்டுட்டு நிக்கும்ளா."

மாமியார் என் கணவரின் முதலாளிக்கு ஆள் அனுப்பினார். தோல் கிட்டங்கி (கிடங்கு) வைத்திருந்தவர். உப்புத் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்தார்.

"கை கழுவச் சொல்லுங்க அத்தை."

"வாய மூடுளா. மொதலாளிட்ட போயி அதச் சொல்லச் சொல்லுதியா?"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி விரலை நனைத்து என் மகன் வாயில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் செப்டிசீமியா (ரத்தத்தில் கிருமி பரவுதல்) என்றார்கள். டாக்டரம்மா பக்கத்து மாட்டுங்காவில் குடியிருந்த தமிழ்க்காரர்.

"மொதப் பால் குடுத்தேளா?"

"கொட்டிட்டோம்."

"கிருமியத் தடுக்கற சக்தி அதுலதாம்மா இருக்கு. பொறந்த கொழந்தை ஒடம்புக்குத் தானா எதிர்க்க இன்னும் பலம் வரல."

விரலைப் பற்றிச் சொன்னேன். "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

"பொழைப்பானா?"

பெனிசிலின் போட்டார்கள். மறுநாள் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

முதலாளி துட்டி (துக்கம்) கேட்க வந்தார். "எல்லாம் விதி" என்றார்.

"விதி கையக் கழுவாமயா வந்துச்சு?" என்று கேட்டேன். கணவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். மாமியார் முதலாளிக்குக் காப்பி போட எழுந்தார்.

பால் கட்டிக்கொண்டது. வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினார்கள். வற்றவில்லை. யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் என் சேலை நனைந்தது. விடிந்ததும் இருட்டியதும் தெரியாது. மார் கனக்கும், ஒழுகும், மறுபடி கனக்கும். அதுதான் என் பொழுது.

பிறகு மகள் பிறந்தாள். மஞ்சள் பாலையே கொடுத்தேன். யாரையும் தொடவிடவில்லை. பிழைத்தாள். அதனால் ஒன்றும் ஆறவில்லை. அவள் வயிறு நிறைந்து தூங்கிய பிறகும் மார் இன்னொரு முறை சுரக்கும், அடுத்து ஒருவன் குடிக்க இருப்பதுபோல.