கம்பு முளைக்காத இடம்

யுத்த காலத்தில், உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கம்புக் கொல்லையில், ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் எதுவும் முளைக்காது. முனி நடமாடும் இடம் என்றார்கள் ஊரார். எனக்கோ என் ஓரகத்தி மேல்தான் சந்தேகம். வெள்ளிக்கிழமைதோறும் அவள் சொம்போடு அங்கே போய் வந்தாள். சூனியம் வைக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

ஒரு வெள்ளியன்று முந்திரி மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்து அவளைப் பிடித்தேன்.

"என்னடி ஊத்துறே?"

"முன்ன ஒரு வருசம் இங்க பயிரு கருகுச்சேக்கா. திருஷ்டி கழியட்டும்னு உப்பைக் கரைச்சு ஊத்திக்கிட்டு வரேன்."

"உப்பு ஊத்துனா எப்படிடி முளைக்கும்?"

அவள் முகம் வாடியது. "எனக்குத் தெரியலக்கா. இதுக்குத்தான் தெருவுல யாரும் என்கிட்ட பேசறதில்லையா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னேன். இப்போதெல்லாம் யார் மேல் சந்தேகம் வந்தாலும், முதலில் அவர்களிடமே கேட்டுவிடுகிறேன்.