மைக் பிடித்த மாப்பிள்ளை

எங்கள் ஊரில் திருவிழா என்றால் மைக் என் கையில்தான். அடிவயிற்றிலிருந்து வரும் குரல் எனக்கு. கூழ் வார்க்கப் போகிறார்கள், வரிசையில் நில்லுங்கள் என்று நான் சொன்னால் ஏரிக்கரை வரை கேட்கும். அந்தக் குரல்தான் என்னைக் காப்பாற்றுகிறது என்று முப்பது வயது வரை முட்டாள்தனமாக நம்பியிருந்தேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சந்தேகமெல்லாம் அடுத்த தெரு நண்பன் மேல். உத்திரமேரூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தான். கீச்சுக்குரலில் இழுத்து இழுத்துப் பேசுவான். டீக்கடையில் அவனைப் போலப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், எல்லாரையும்விடச் சத்தமாக. வெட்கங்கெட்டவன் நான். அவனுக்குப் பெண்களைத் தவிர வேறு நினைப்பே கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சாலவாக்கம் பக்கத்துப் பெண் ஒருத்தியை அவனுக்குப் பேசினார்கள். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் அதே டீக்கடையில் விசாரித்துவிட்டு, "பேச்சே ஒரு மாதிரி கீது, வேணாம்" என்று முறித்துவிட்டுப் போனார்.

ஆடித் திருவிழாவுக்கு வந்த அதே தாய்மாமன், மைக்கில் என் குரலைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கொரலு கணீர்னு கீது. ஆம்பளன்னா இப்டி இருக்கணும்" என்றார். அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆவணி பிறந்ததுமே அதே பெண்ணுக்கும் எனக்கும் தட்டு மாற்றினார்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அந்த மாதிரி ஆளுங்க எப்டி பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதா நைனா? கல்யாண பயத்துல எதையாவது ஒளறிக்கினு இருக்காத."

பத்திரிகை அடித்தாகிவிட்டது. எங்காவது ஓடிவிடலாமா, செத்துத் தொலையலாமா என்று அலைந்தேன். எனக்காக ஒரு பெண் ஏன் வீணாக வேண்டும்? கடைசியில் அவளுக்கே போன் செய்தேன். பெண்கள் மேல் எனக்கு ஆசை வராது, ஆண்கள் மேல்தான் வரும், இந்தக் கல்யாணத்தை நிறுத்திவிடு என்று கெஞ்சினேன்.

அவளிடமிருந்து விசும்பல் கேட்டது.

"உங்க கொரலைக் கேட்டா சின்னக் கொயந்தகூட இதை நம்பாது. யாரு அந்தப் பொண்ணு? அதையாவது சொல்லுங்க."

அப்படி யாருமே இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. முகூர்த்தத்துக்கு ஆறு நாள் இருந்தது.