அட்டைக்கு முடிந்து வைத்த உப்பு

என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது பனிக்குத்தான் என்று நினைத்துச் சுடுதண்ணீர் ஊற்றினேன். வீக்கம் முழங்கால் வரை ஏறியதும் பூண்டுலோயாவில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நெஞ்சு பலமில்லை என்றார்கள்.

வார்டில் இருந்த நர்ஸ் மிஸ் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. என் வீட்டுக்காரர் காலை விரலால் அழுத்தி, விழுந்த குழியைக் காட்டினாள்.

"ரத்தக் குழாய் போகப் போக மயிரவிட மெல்லிசாயிரும்மா. தேத்தண்ணி வடிக்கிற துணி மாதிரி. சீனி, உப்பு, மருந்து எல்லாம் கரைஞ்சு அது வழியாத்தான் சதைக்குப் போகுது. கூடப் போற தண்ணி திரும்பி வரணும். ஐயாவுக்கு வராம சதையிலயே நிக்குது. உப்பு சேந்தா இன்னும் நிக்கும். கண்ணுலயே காட்டாதீங்க."

உப்புப் போத்தலை எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். உப்பில்லாமல் ரொட்டி சுட்டேன். நாலு நாள் பேசாமல் தின்றார். அப்புறம் தட்டைத் தள்ளினார்.

"ஏ புள்ள, இது ரொட்டியா, லயத்துச் சுவரப் பேத்துக் குடுத்தியா?"

சிரித்துவிட்டேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது அட்டை கடித்தால் வைக்க, இடுப்பில் ஒரு துணியில் உப்பு முடிந்திருப்போம். அந்த முடிச்சு ஆணியில் தொங்கியது. அவிழ்த்து ரொட்டி மேல் ஒரு சிட்டிகை தூவினேன். மறுநாளும் தூவினேன். அந்த உப்பு பட்ட அட்டை என்ன ஆகும் என்று எத்தனையோ வருஷம் பார்த்தவள் நான்.

கால் மறுபடி வீங்கியது. ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போனோம். டொக்டர் சிங்களத்தில் கேட்டதை மிஸ் தமிழில் கேட்டாள்.

"உப்பு குடுக்குறீங்களாம்மா?"

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவ குடுக்கல மிஸ்," என்றார் அவர். "வீட்ல உப்பே இல்ல."

டொக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். மிஸ்ஸிடமாவது தனியாகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவள் மேசை வரை போனேன். ஆட்கள் நின்றார்கள். திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. காலையில் அவர் கணுக்காலை அழுத்திவிட்டு, குழி நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மெதுவாக நிரம்பும்.

ஒரு நாள் காலையிலும் அப்படித்தான் கணுக்காலை அழுத்தினேன். அன்று மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

குளிப்பாட்டும்போது என் விரல் பட்ட குழி அப்படியே இருந்தது. தண்ணீர் ஊற்றியவர்கள் என்னை நகரச் சொன்னார்கள். நிரம்பட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.