உலை பார்த்த கண்

என் கணவர் வளைகுடாவில் செம்பு உருக்கும் ஆலையில் வேலை பார்ப்பவர். லீவில் கீழ்வேளூர் வந்தால் முதல் சில நாள் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டார். அப்புறம் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பேச்சு முழுக்க உலைதான். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும், நான் அரைத்தூக்கத்தில் 'உம்' கொட்டிக்கொண்டிருப்பேன். பார்த்தே இராத அந்த உலை என் மூடிய கண்ணுக்குள் மெதுவாக ஓடும்.

செம்பு கனமாக அடியில் கிடக்கும், கசடு அதன் மேல் மிதக்கும். மேலே ஒரு வாயைத் திறந்து கசடை மட்டும் ஓடவிடுவார்கள். அது கீழே தண்ணீரில் விழுந்து மணலாகப் பொரியும். ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காதாம். கப்பலுக்குக் கப்பல் தாது மாறும், கசடும் மாறும். இன்றைக்கு நோன்புக் கஞ்சி மாதிரி ஓடுவது நாளைக்குக் களி மாதிரி நகர மறுக்கும். செம்பின் மட்டம் ஏறி, கசடோடு கலந்து வந்துவிட்டால் கீழே தண்ணீர் வெடிக்கும். ஓடும் நெருப்பை நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்து, நிறம் மாறினால் "அடை" என்று கத்துவது இவர் வேலை.

"அதுக்கு மெஷின் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அது சொல்றதுக்குள்ள நான் சொல்லிருவேன்" என்றார். பெருமைக்குக் குறைச்சலே இல்லை.

போன மார்கழியில் வண்டியில் நாகப்பட்டினம் போனோம். இரண்டு பக்கமும் சம்பா, அப்போதுதான் பால் பிடிக்கிற பயிர். அவர் வேகத்தைக் குறைத்து, "அறுப்புக்கு ஆயிடுச்சே, இன்னும் ஏன் விட்டு வெச்சிருக்காங்க?" என்றார்.

"பாலைவனத்துலேயே இருந்து பயிரே மறந்துபோச்சா மச்சான்? பச்சப்பசேல்னு நிக்குது" என்று கிண்டல் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. வண்டியை ஓரம்கட்டி ரொம்ப நேரம் வயலைப் பார்த்தார். "எனக்கு மஞ்சளாத்தான் தெரியுது" என்றார்.

தஞ்சாவூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார். வருஷக்கணக்காக நெருப்பைப் பார்த்ததில் வந்திருக்கலாம், பார்ப்பதெல்லாம் மஞ்சளடிக்கும் என்றார். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். லீவு முடிவதற்குள் ஆபரேஷனை முடித்துக்கொள்வது, யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். முதலில் வலது கண்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை, வீட்டுக்கு எதிரே வரப்பில் போய் நின்றார். பனி விலகவில்லை. இடது கண்ணைக் கையால் மறைத்து, "பச்சை" என்றார். வலது கண்ணை மறைத்து, "பழுத்துருச்சு" என்றார். "மெதுவாங்க, அழுத்தாதீங்க" என்று அதட்டினேன். கேட்டால்தானே. பச்சை, பழுத்தது, பச்சை. ஒரே வயல் அவர் கைக்குப் பின்னால் மாறி மாறி வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி பயமில்லாமல் அனுப்பி வைக்கலாம் என்று நினைத்தேன்.

சட்டென்று கையை இறக்கினார். "அப்ப அங்க நான் பாத்துச் சொன்ன நிறமெல்லாம்?"

அங்கேயே நின்று போன் போட்டார். ஆலையில் உலைக்குக் கீழே தண்ணீர்ப் பக்கம் நிற்கும் நேபாளிக்கு. இருவருக்கும் ஒரே அறை, ஒரே சமையல். இந்தியில் பேசினார், எனக்குப் புரியவில்லை. பேசி முடித்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு தடவ தண்ணி படபடன்னு வெடிச்சுச்சாம். நிமிந்து என்னப் பாத்தானாம். கசடுதான், ஒண்ணுமில்ல, நில்லுன்னு சொன்னேனாம்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல" என்றேன். எனக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது.

அவர் போனில் கம்பெனி நம்பரைத் தேடினார். கண்ணைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று புரிந்து, போன் மேல் கையை வைத்தேன். வேலை போனால் என்ன செய்வோம்?

"நான் நில்லுன்னு சொன்னேன், அவன் நின்னான் புள்ள" என்றார்.

கையை எடுத்துவிட்டேன்.