போதுமா, போதாதா

ஃபேர்லேண்ட்ஸில் வங்கித் தேர்வுப் பயிற்சிக்குப் போய்வரும் ராசிபுரத்துத் தனப்பிரியாவுக்கு ஒரு வகைக் கணக்கென்றால் பைத்தியம். அதில் விடையே கண்டுபிடிக்க வேண்டாம். கொடுத்த தகவல் போதுமா, போதாதா என்று சொன்னாலே மதிப்பெண்.

பெண் பார்க்க வருகிறவர்கள் ஆட்டையாம்பட்டியிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன் வந்ததும் அம்மா வசந்தாமணி பரபரத்தாள். "எப்ப சாமி வந்து சேருவாங்க?"

"கார் என்ன வேகத்துல வருது?"

"மாப்ள நாப்பதுலயேதான் ஓட்டுவாராம்."

"தூரம் தெரியும், கெளம்புன நேரம் தெரியும், இப்ப வேகமும் தெரிஞ்சுபோச்சு. போதும்மா!" என்று துள்ளியவள், கணக்கைப் போடாமலேயே தலைக்குக் குளிக்கப் போய்விட்டாள்.

ஈரத்தலையில் துண்டோடு பாடிக்கொண்டே வெளியே வந்தால், கூடம் நிறைய மாப்பிள்ளை வீட்டார்! மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன் சிரிப்பை அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் புரையேறி, காபியைச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டான். இவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. உள்ளே ஓடினாள்.

பின்னாலேயே வந்த அம்மா பல்லைக் கடித்தாள். "மானமே போச்சு! பையனப் பத்தி இன்னும் ஒன்னுமே விசாரிக்கல. படிப்பு, வேல, குணம்னு எத்தன கேக்கோணும்?"

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இந்தத் தகவலே போதும்மா."